மாமனாருக்குப் பார்க்கின்சன், வியட்நாம் போனவர்: நர்சிங் ஹோமுக்கு முன்னால் வி.ஏ.வில் என்னென்ன கேட்கலாம்?

கேள்வி இதுதான்: "ஓஹையோவில், டேட்டனிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறோம். என் கணவர் அமெரிக்கர். அவருடைய அப்பாவுக்கு 78 வயது. ராணுவத்தில் இருந்தவர், 1968-69இல் வியட்நாமில் இருந்தார், 1970இல் வெளியே வந்துவிட்டார். மாமியார் தவறி இரண்டு வருடம் ஆகிறது, தனியாக இருக்கிறார். பார்க்கின்சன் வந்து நாலு வருடம். இந்த வருடம் இரண்டு தடவை விழுந்துவிட்டார். வி.ஏ.வில் மாத்திரையும் காது மெஷினும் மட்டும் வாங்குகிறார். ரேட்டிங் என்று எதுவும் கிடையாது. நர்சிங் ஹோமில் விட மனசு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வி.ஏ. ஏதாவது செய்யுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

உங்கள் கேள்வியில் என் கண் முதலில் போய் நின்ற இடம் 'வியட்நாம்', 'பார்க்கின்சன்', 'ரேட்டிங் கிடையாது' என்ற மூன்று சொற்கள்தான். இருபது வருடத்துக்கு மேலாக நான் இங்கே வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். என் நோயாளிகளில் பாதிப் பேர் வயதான படைவீரர்கள். எல்லாக் குடும்பமும் "எந்த ஹோம் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கும். (நர்சிங் ஹோம் என்று இங்கே சொல்வது நம்மூர்த் தனியார் மருத்துவமனையை அல்ல, முதியவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை.) அதற்கு முன்னால் ஒரு காகித வேலை பாக்கி இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. வி.ஏ. என்று இங்கே சொல்வது முன்னாள் படைவீரர் நலத்துறையை. மருத்துவமனை ஒரு கை, உதவித்தொகை இன்னொரு கை. ஒரு கை கொடுப்பது இன்னொரு கைக்குத் தானாகத் தெரியாது. உங்கள் மாமனார் மருத்துவமனைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். ரேட்டிங் என்பது பணியால் வந்த ஊனத்துக்கு உதவித்தொகைக் கை போடும் சதவீதம்; அது அவருக்கு இல்லை.

வியட்நாமில் காட்டை அழிக்க அமெரிக்க ராணுவம் தெளித்த களைக்கொல்லிதான் ஏஜென்ட் ஆரஞ்ச். 1962 ஜனவரி 9க்கும் 1975 மே 7க்கும் இடையில் வியட்நாம் மண்ணில் ஒருவர் கால் வைத்திருந்தால், அவர் மீது அது பட்டிருக்கும் என்று வி.ஏ. தானாகவே எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டு, சில நோய்களைப் பணியால் வந்தவை என்று கணக்கில் வைக்கிறது. அந்தப் பட்டியலில் பார்க்கின்சன் 2010லேயே சேர்ந்துவிட்டது. இரண்டாம் வகைச் சர்க்கரை, இதய ரத்தக்குழாய் அடைப்பு, புராஸ்டேட் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. 2022இல் வந்த பேக்ட் சட்டம் ரத்தக்கொதிப்பையும் சேர்த்தது. ஆகவே "எனக்கு அந்த மருந்து பட்டது" என்று உங்கள் மாமனார் நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தார் என்பதற்கு டிடி-214 என்ற விடுவிப்புக் காகிதம், பார்க்கின்சன் இருக்கிறது என்பதற்கு டாக்டர் குறிப்பு, இரண்டும் போதும். நாலு வருடமாக இதற்கு விண்ணப்பிக்காமல் இருந்திருக்கிறார்!

இனி ரேட்டிங் கணக்கு. பார்க்கின்சனுக்குக் குறைந்தபட்சம் 30 சதவீதம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த 30ஐ வாங்கிக்கொண்டு நின்றுவிடக் கூடாது. வலது கை நடுக்கம், இடது கை நடுக்கம், நடைத் தடுமாற்றம், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், மலச்சிக்கல், சிறுநீர் அவசரம், மனச்சோர்வு என்று ஒவ்வொரு பாதிப்புக்கும் தனித்தனி மதிப்பு உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது இந்த ஆண்கள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கையைப் பையில் விட்டுக்கொண்டு, "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். உங்கள் கணவர் கூடப் போகட்டும். சட்டைப் பொத்தானைப் போட எத்தனை நிமிடம் ஆகிறது, கழிவறைக்கு ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார், எப்போது எங்கே விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும்.

வி.ஏ.வின் கூட்டல் நம் கூட்டல் அல்ல. 50ம் 30ம் அவர்களுக்கு 80 ஆகாது. முழு உடம்பு 100. அதில் 50 போனால் மிச்சம் 50. அந்த மிச்சத்தில் 30 சதவீதம், அதாவது 15. ஆக 65. அதைப் பத்துக்குச் சரி செய்து 70 என்று போடுவார்கள். இந்த 70ஐ ஏன் இழுத்து வைத்துச் சொல்கிறேன் என்றால், முதியோர் பராமரிப்பில் அதுதான் கோடு. பணியால் வந்த ஊனம் 70 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், நர்சிங் ஹோம் தேவைப்படும் நாளில் அதைக் கொடுப்பது வி.ஏ.வின் சட்டக் கடமை. 1999இல் வந்த சட்டம் அது. குடும்பத்தாருக்கு மாதத் தொகை கொடுக்கும் திட்டத்துக்கும் நுழைவாயில் இதே 70தான்.

அதனால் இந்த வாரமே செய்ய வேண்டியது, 'விண்ணப்பிக்கப் போகிறேன்' என்ற அறிவிப்பைப் பதிவு செய்வது. சின்னப் படிவம்தான், எண் 21-0966. இதைப் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்தைக் கொடுக்க ஒரு வருடம் அவகாசம்; பணம் வரும்போது இந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள். ஓஹையோவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மாநிலத்தின் 88 கவுன்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) படைவீரர் சேவை ஆணையம் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பத்தை அவர்களே நிரப்பித் தருவார்கள், வி.ஏ. மருத்துவமனைக்குப் போய்வர வண்டிக்கும் ஏற்பாடு செய்வார்கள். காசு வாங்க மாட்டார்கள். காசு கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். முதல் விண்ணப்பத்தைத் தயார் செய்யக் கட்டணம் வாங்குவது சட்டப்படி தவறு. முதியோர் குடியிருப்புகளில் இலவசச் சாப்பாடு போட்டுக் கூட்டம் கூட்டி, "சொத்தை இந்த டிரஸ்டில் போடுங்கள், வி.ஏ. பணம் வாங்கித் தருகிறோம்" என்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் உங்கள் மாமனார் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை. "என்னைவிட மோசமாக அடிபட்டவன் எத்தனையோ பேர் இருக்கிறான், அவனுக்குப் போகட்டும்." வியட்நாம் காலத்து ஆட்களிடம் இந்த வசனத்தை நான் கேட்காத மாதம் இல்லை. அதில் கூச்சம் பாதி. திரும்பி வந்தபோது ஊர் தங்களை நடத்திய விதத்தின் மேல் இருக்கும் கோபம் பாதி. வாதாடாதீர்கள். இவர் விண்ணப்பிக்காததால் இன்னொருவருக்கு ஒரு டாலர் கூடக் கூடுதலாகப் போவதில்லை என்பதை இன்னொரு படைவீரர் வாயால் சொல்ல வைத்தால் வேலை நடக்கும். கவுன்டி அலுவலகத்தில் எதிரே உட்காருகிறவரும் பெரும்பாலும் முன்னாள் படைவீரராகத்தான் இருப்பார். மருமகள் சொல்லி நடக்காதது அங்கே பத்து நிமிடத்தில் நடக்கும்.

ரேட்டிங் வர மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வி.ஏ. மருத்துவத்தில் பதிவு செய்தவர் என்ற ஒன்றே வீட்டுப் பராமரிப்புச் சேவைகள் பலவற்றுக்குப் போதும். மருத்துவத் தேவை இருக்கிறது என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், உங்கள் பகுதியில் அந்தச் சேவை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இவற்றை யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏதாவது உதவி உண்டா?" என்று கேட்டால் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைக்கும். "ஹோம் பேஸ்டு பிரைமரி கேருக்கு ரெஃபரல் போடுங்கள்" என்று கேட்டால் ரெஃபரல் கிடைக்கும்.

பெயர்களுக்கு வருவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் மாமனார் தனியாக இருந்தால் ஆபத்தான நேரம் எது? நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பார்க்கின்சன்காரர்களுக்கு லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரம், அது இறங்கும் நேரம் என்று உண்டு. நான் பார்த்த ஒருவர் காலை ஆறு மணிக்குக் கட்டிலிலிருந்து எழவே முடியாமல் மரக்கட்டை மாதிரி இருப்பார். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத் தானே நடந்து போய்க் காபி போடுவார். ஏஜென்சி அனுப்பிய உதவியாளர் பெண் தினமும் ஒன்பது மணிக்கு வந்தார். குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, பதினொன்றுக்குப் போய்விடுவார். ஆனால் அந்த மனிதர் விழுந்ததெல்லாம் ஆறிலிருந்து ஏழுக்குள். வந்த உதவி நல்ல உதவிதான், வந்த நேரம்தான் தப்பு. உதவியாளரை ஆறே முக்காலுக்கு மாற்றினோம். முதல் மாத்திரையைத் தண்ணீரோடு கட்டில் பக்கத்திலேயே வைத்து, அலாரம் அடித்ததும் படுக்கையிலேயே போட்டுக்கொண்டு, ஆள் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று பழக்கினோம். அதற்குப் பிறகு அவர் ஒன்றரை வருடம் அதே வீட்டில் இருந்தார். உங்கள் மாமனாரின் இரண்டு விழுதலும் எந்த மணிக்கு நடந்தன என்று முதலில் பாருங்கள்.

இப்போது அந்த 168ஐ எதை வைத்து நிரப்புவது என்று பார்ப்போம்.

ஹோம் பேஸ்டு பிரைமரி கேர் என்பது மணி நேரத்தை நிரப்பாது, ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். டாக்டர் அல்லது நர்ஸ் பிராக்டிஷனர், நர்ஸ், சமூகப் பணியாளர், உளவியலாளர், மருந்தாளுநர், உணவு ஆலோசகர், உடற்பயிற்சி நிபுணர் என்று ஒரு குழுவே வீட்டுக்கு வரும். 1970களில் ஆரம்பித்த திட்டம். மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு அனுப்பும் வீட்டு நர்ஸ் சில வாரம் வந்துவிட்டு நின்றுவிடுவார். இவர்கள் தேவை இருக்கும்வரை வந்துகொண்டே இருப்பார்கள். விரிப்பு மடங்கிக் கிடப்பதையும், குளியலறையில் பிடிக்கக் கம்பி இல்லாததையும், மூன்று டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் ஒரே டப்பாவில் கிடப்பதையும் மருத்துவமனை அறையில் உட்கார்ந்தபடி யாரும் பார்க்க முடியாது. இந்தக் குழு மருத்துவமனையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்தான் வரும். உங்கள் முக்கால் மணி நேரம் எல்லைக்குள் வருகிறதா என்பதை அஞ்சல் குறியீட்டைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிக்க, உடுக்க, சாப்பிட உதவுவதற்கு ஆள் அனுப்புவது ஹோம்மேக்கர்-ஹோம் ஹெல்த் எய்ட். வி.ஏ. பணம் கொடுக்கும், உள்ளூர் ஏஜென்சி ஆளை அனுப்பும். வாரத்துக்குச் சில மணி நேரத்தில் ஆரம்பித்து, மதிப்பீட்டைப் பொறுத்துக் கூடும். இதில் இருக்கும் தலைவலி ஆள் பற்றாக்குறை. காகிதத்தில் 12 மணி நேரம் அனுமதி இருக்கும், ஏஜென்சியில் ஆளே இருக்காது. வந்தாலும் மாதம் ஒரு முகம் மாறும். கூச்ச சுபாவமுள்ள 78 வயது ஆண், புது ஆள் முன்னால் சட்டையைக் கழற்ற எவ்வளவு தயங்குவார் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்ததுதான் வெட்டரன் டைரக்டட் கேர். இதில் மணி நேரத்துக்குப் பதில் மாத பட்ஜெட் ஒன்றைப் படைவீரர் கையில் கொடுக்கிறார்கள். யாரை வேலைக்கு வைப்பது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது, மணிக்கு எவ்வளவு கொடுப்பது என்று அவரே முடிவு செய்வார். பக்கத்து வீட்டுப் பையனை வைக்கலாம், தேவாலயத்தில் தெரிந்த அம்மாவை வைக்கலாம், குடும்பத்தாரையும் வைக்கலாம். சம்பளப் பட்டியல், வரிப் பிடித்தம் எல்லாவற்றையும் ஒரு நிதி அமைப்பு பார்த்துக்கொள்ளும். வட்டார முதியோர் சேவை அமைப்பிலிருந்து ஒரு ஆலோசகர் கூட இருப்பார். கிராமப்புறத்தில் ஏஜென்சி ஆள் கிடைக்காத குடும்பங்களுக்கு இதைவிட நல்லது ஒன்று இல்லை என்பது என் எண்ணம். நீண்ட நாள் எல்லா மருத்துவமனையிலும் இது கிடையாது. 2025 ஜனவரி 2இல் கையெழுத்தான எலிசபெத் டோல் சட்டம், இரண்டு வருடத்துக்குள் எல்லா வி.ஏ. மருத்துவமனையிலும் இது இருக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. அதே சட்டம் இன்னொன்றும் செய்தது: வீட்டுப் பராமரிப்புக்கு வி.ஏ. செலவிடும் தொகைக்கு நர்சிங் ஹோம் செலவில் 65 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பை 100 சதவீதமாக உயர்த்தியது. "அதிக மணி நேரம் கொடுக்க விதி இல்லை" என்று யாராவது பழைய கணக்கைச் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் வேலைக்குப் போகும் பகல் நேரத்துக்கு அடல்ட் டே ஹெல்த் கேர். நம்மூர்ப் பால்வாடியைப் பெரியவர்களுக்கு நடத்தினால் எப்படி இருக்கும், கூடவே நர்ஸும் உடற்பயிற்சியும் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் இடங்களும் உண்டு. ஒத்த வயதுப் படைவீரர்கள் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருக்கும் மேசை ஒன்று கிடைத்துவிட்டால், முதல் வாரம் முரண்டு பிடித்தவர் மூன்றாவது வாரம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருப்பார். மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஆண்களுக்கு இதைத்தான் நான் முதலில் தள்ளிவிடுவேன்.

ரெஸ்பைட் என்பது பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு. வருடத்துக்கு 30 நாள் வரை, வீட்டுக்கு ஆள் அனுப்பியோ மாமனாரை வி.ஏ.வின் பராமரிப்பு மையத்தில் தங்கவைத்தோ கிடைக்கும். நீங்கள் ஊருக்குப் போய்வர நினைக்கும் மாதத்துக்கு இதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். டிக்கெட் போட்ட பிறகு கேட்டால் இடம் இருக்காது.

ரேட்டிங் 70 வந்துவிட்டால், குடும்பப் பராமரிப்பாளருக்கான முழு உதவித் திட்டத்துக்கு உங்கள் கணவரோ நீங்களோ விண்ணப்பிக்கலாம். முதலில் 2001 செப்டம்பர் 11க்குப் பின் காயம்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. 2020 அக்டோபரில் வியட்நாம் காலத்தவரையும் அதற்கு முந்தியவர்களையும் சேர்த்தார்கள், 2022 அக்டோபரில் எல்லாக் காலத்தவரையும் சேர்த்தார்கள். குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து நேரடிக் கவனிப்பு தேவைப்படும் நிலை இருக்க வேண்டும். மாதத் தொகையைக் கூட்டரசின் ஊழியர் சம்பளப் படிநிலையில் ஜிஎஸ்-4 என்ற நிலையை வைத்து, உங்கள் வட்டாரத்துக்கு ஏற்பக் கணக்கிடுவார்கள். முதல் நிலைக்கு அதில் 62.5 சதவீதம், இரண்டாம் நிலைக்கு முழுவதும். நிராகரிப்பு நிறைய நடக்கும் திட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிக்க, உடுக்க, சாப்பிட, கழிவறை போக, இடம் மாற என்று எந்த எந்த வேலைக்கு ஒவ்வொரு தடவையும் ஆள் வேண்டியிருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். "அடிக்கடி உதவி வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் போய்விடும்.

இவ்வளவையும் அடுக்கினாலும் இரவு நிரம்பாது. வி.ஏ. கொடுக்கும் மணி நேரம் பெரும்பாலும் பகலுக்குத்தான். ராத்திரி தனியாக இருக்க முடியாது என்ற நிலை வரும்போது இரண்டு வழி. ஒன்று, அவர் உங்கள் வீட்டுக்கு வருவது. இன்னொன்று, நர்சிங் ஹோமுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மெடிகல் ஃபாஸ்டர் ஹோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அமெரிக்கர்களுக்கே பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஆர்கன்ஸாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் வி.ஏ.வில் கால் நூற்றாண்டுக்கு முன் ஆரம்பித்தது. ஒரு சாதாரணக் குடும்பம் தன் வீட்டில் அதிகபட்சம் மூன்று பேரை வைத்துப் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்கிறவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வி.ஏ. அந்த வீட்டைச் சோதிக்கும், பயிற்சி கொடுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கும். மருத்துவத்துக்கு முன்னே சொன்ன வீட்டுக் குழு அங்கேயே வரும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டை நடத்தியவர் பழைய நர்சிங் ஹோம் உதவியாளர் ஒருவர். வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். சமையலறை மேசையில் இரண்டு முதியவர்கள், ஒருவர் பீன்ஸ் நறுக்குவதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருந்தார், இன்னொருவர் தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். வயதான நாய் ஒன்று அவர் காலடியில். மணி அடித்துச் சாப்பாடு, விளக்கணைப்பு நேரம் எதுவும் இல்லை. பீன்ஸ்காரருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. ஆனாலும் மத்தியானம் மூன்று மணிக்குக் காபி கேட்பார், கிடைக்கும்.

இதில் சிக்கல் பணம். வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைப் படைவீரரே கொடுக்க வேண்டும். வருமானத்தையும் கவனிப்பின் அளவையும் பொறுத்து மாதம் சுமார் 1,500 முதல் 3,000 டாலர் என்று வி.ஏ. சொல்லும். அரசு செலவில் நர்சிங் ஹோம் கிடைக்கும் ஒருவர், அதைவிடச் செலவு குறைந்த இந்த வீட்டுக்குத் தன் கைக்காசைப் போட வேண்டும் என்ற கோமாளித்தனம் பல வருடம் நடந்தது. 2022 டிசம்பரில் வந்த கிளீலண்ட்-டோல் சட்டம் இதைக் கொஞ்சம் சரி செய்தது. நர்சிங் ஹோமுக்குச் சட்டப்படி தகுதி உள்ளவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் அந்த 70 சதவீதக்காரர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு வி.ஏ.வே பணம் கொடுக்கலாம். நாடு முழுக்க ஒரு நாளைக்குச் சராசரி 900 பேர் வரை. 900 என்பது இந்த நாட்டுக்கு யானைப்பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் கேட்டு வைக்க வேண்டும்.

அசிஸ்டட் லிவிங், அதாவது அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் குடியிருப்பு, பற்றி ஒரு வரி: அங்கே வாடகையை வி.ஏ. பொதுவாகக் கொடுக்காது, உள்ளே வந்து செய்யும் உதவிகளுக்கு வேண்டுமானால் கொடுக்கும். கம்யூனிட்டி ரெசிடென்ஷியல் கேர் என்ற வி.ஏ. சோதித்து அங்கீகரித்த விடுதிகளும் அப்படித்தான், வாடகை நம் பாடு. மெடிகேர் நீண்ட காலப் பராமரிப்புக்குக் கொடுக்காது; மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தால் 100 நாள் வரை, அதுவும் நிபந்தனைகளோடு. இதை நம்பி மோசம் போகாதீர்கள்.

ஓஹையோ மாநிலம் நடத்தும் படைவீரர் இல்லங்கள் இரண்டு: சாண்டஸ்கியில் ஒன்று, ஜார்ஜ்டவுனில் ஒன்று. ஜார்ஜ்டவுன் உங்களுக்குக் கிட்ட. இவை மாநிலத்தின் சொத்து, வி.ஏ. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பங்கு கொடுக்கும், வருடா வருடம் சோதிக்கும். 70 சதவீதம் இருந்தால் நர்சிங் கவனிப்பின் முழுச் செலவையும் வி.ஏ. ஏற்கும். மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்து வையுங்கள். பெயர் கொடுத்ததால் போயாக வேண்டும் என்று இல்லை. டேட்டன் ஊரே இந்த விஷயத்தில் பழைய ஊர்தான். உள்நாட்டுப் போரில் ஊனமுற்றவர்களுக்கு லிங்கன் 1865இல் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த தேசிய இல்லத்தின் கிளை 1867இல் அங்கே திறந்தது. இன்றைய வி.ஏ. மருத்துவமனை அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

பங்குக் கட்டணம், அதாவது செலவில் நம் பங்காகக் கட்ட வேண்டியது, என்று ஒன்று உண்டு. நீண்ட காலப் பராமரிப்பில் 12 மாதத்தில் முதல் 21 நாள் இலவசம். அதற்கு மேல் பகல் நேர மையம், வீட்டு ரெஸ்பைட் போன்றவற்றுக்கு நாளுக்கு 15 டாலர் வரை, நர்சிங் ஹோமுக்கு நாளுக்கு 97 டாலர் வரை, வருமானத்தையும் சொத்தையும் பார்த்து. 10-10ஈசி என்ற படிவம் அதற்குத்தான். உதவித்தொகை வரும் அளவுக்குப் பணி ஊனம் இருந்தால் இந்தக் கட்டணமே இல்லை. பார்க்கின்சனுக்கு அந்த 30 வந்தாலே போதும். அதனால்தான் முதலில் காகிதத்தைப் பிடியுங்கள் என்றேன்.

எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ் என்ற பெயரை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது வி.ஏ. பென்ஷன் மேல் வரும் கூடுதல் தொகை. பென்ஷன் என்றதும் நம்மூர் ஓய்வூதியம் என்று நினைத்துவிடாதீர்கள். இது போர்க்காலத்தில் பணியில் இருந்து, இப்போது வருமானம் குறைந்தவர்களுக்கு. 2025இல் சொத்து வரம்பு 1,59,240 டாலராக இருந்தது, குடியிருக்கும் வீடு இதில் சேராது. கடந்த மூன்று வருடத்தில் சொத்தை யாருக்காவது மாற்றி எழுதியிருந்தால் பார்ப்பார்கள். பணி ஊனத் தொகையும் பென்ஷனும் ஒன்றாக வராது, எது அதிகமோ அது. ஊன ரேட்டிங் வரும் வாய்ப்பு இவ்வளவு இருக்கும்போது, உங்கள் மாமனாருக்கு நான் முதலில் இதைத் தொட மாட்டேன்.

கேட்கும் இடம் அவருடைய வி.ஏ. முதன்மை டாக்டரின் குழுவில் இருக்கும் சமூகப் பணியாளர். மருத்துவமனையில் பராமரிப்பாளர் ஆதரவு ஒருங்கிணைப்பாளர் என்று தனியாக ஒருவரும் உண்டு. தொலைபேசியில் பேசியதை அன்றே வி.ஏ.வின் பாதுகாப்பான செய்திப் பெட்டியில் எழுத்தாகவும் அனுப்பிவிடுங்கள். "இல்லை" என்று சொன்னால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் காரணத்தால் மறுத்தால் அதற்கு மேல்முறையீடு உண்டு, நோயாளி சார்பு அலுவலர் வழிகாட்டுவார். வி.ஏ.வின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டரசின் தணிக்கை அலுவலகம் 2020இல் சொன்ன கணக்குப்படி, நீண்ட காலப் பராமரிப்பு பெற்ற படைவீரர்கள் 2014இல் சுமார் 4,64,000 பேர், 2018இல் 5,30,000 பேர். ஆட்களோ அந்த வேகத்தில் கூடவில்லை. ஆனால் அது உங்கள் கவலை அல்ல. வரிசையில் பெயர் ஏற வேண்டும்.

கடைசியாக டிடி-214. வீட்டில் ஏதாவது காலணிப் பெட்டியில் இருக்கும், தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எஸ்எஃப்-180 என்ற படிவத்தில் எழுதிக் கேட்க வேண்டும். "அங்கே எல்லாம் தீயில் போய்விட்டது" என்று அவர் சொல்வார் பாருங்கள், இந்த வயது ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். 1973 ஜூலையில் அங்கே பெரிய தீ விபத்து நடந்தது உண்மைதான். ஆனால் அதில் எரிந்த ராணுவக் கோப்புகள் 1912க்கும் 1960 ஜனவரி 1க்கும் இடையில் விடுவிக்கப்பட்டவர்களுடையவை. உங்கள் மாமனார் 1970இல் வெளியே வந்தவர்.